புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தது, இனி யார் பார்ப்பது?

மாமிக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாகிறது. போன வருடம் தோள்பட்டையில் வலி வந்தபோது ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "கிளினிக் திகதி வருதுதானே, அப்ப சொல்லலாம்" என்று இருந்துவிட்டார். நல்லவேளை, அது தோள் இறுகியதால் வந்த வலி, பிசியோதெரபியோடு சரியாயிற்று. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை: எல்லாருக்கும் ஒரே மாதிரியான கிளினிக் திகதி போதுமா?

புற்றுநோய் கிளினிக்குக்கே தொடர்ந்து போவதுதான் நமக்குப் பழகிய வழி. மார்பகப் புற்றுநோய்க்குப் பொதுவான அட்டவணை, முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த 2 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை. கூடவே வருடாந்த மமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. அவ்வளவுதான். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு வருடாவருடம் எலும்பு ஸ்கானும் கட்டிக்கான இரத்தப் பரிசோதனையும் செய்ய வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை. கொழும்பில் பயத்தினால் தனியார் ஆய்வுகூடங்களுக்குக் காசைக் கொட்டும் குடும்பங்களைப் பார்க்க மனம் வருந்துகிறது.

குடும்ப டொக்டரிடம் விடலாமா? கனடாவில் ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 968 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2006இல் வந்த முடிவில், புற்றுநோய் கிளினிக்குக்குப் போனவர்களை விட, குடும்ப டொக்டரிடம் போனவர்களுக்கு நோய் திரும்புவதால் வரும் பாரதூரமான விளைவுகள் கூடவில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தமிழில் பேசக்கூடிய டொக்டர் பக்கத்துத் தெருவில் இருந்தால், வலியை அன்றே சொல்லலாம். ஆனால் அவர் கையில் டயக்னோசிஸ் கார்டின் (என்ன நோய், என்ன சிகிச்சை என்று ஆஸ்பத்திரி எழுதித் தரும் அட்டையின்) பிரதி இருக்க வேண்டும். எதற்கு உடனே திருப்பி அனுப்புவது என்றும் எழுதித் தந்திருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் பல இடங்களில் இன்னொரு முறை இருக்கிறது. மமோகிராம் நேரத்துக்கு நடக்கும். டொக்டரைப் பார்க்க வழக்கமான திகதி கிடையாது. ஏதாவது தென்பட்டால் நோயாளியே அழைப்பார். இங்கே இது சரிவர, அழைப்பை எடுப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டும். அப்புறம், "டொக்டருக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது" என்று நினைக்கும் மாமி மாதிரி ஆட்களுக்கு இது மட்டும் போதவே போதாது.

வாய்ப் புற்றுநோய் என்றால் நான் வேறு பேச்சுப் பேசமாட்டேன்: கிளினிக்தான். முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை வாயையும் கழுத்தையும் அனுபவமுள்ள கண் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கதிர்ச்சிகிச்சை எடுத்தவருக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட் பரிசோதனையும் தேவை. பல் பிடுங்குவதென்றால்கூட முதலில் புற்றுநோய் டொக்டரிடம் கேட்க வேண்டும்; கதிர் பட்ட தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வெற்றிலையைத் திரும்பத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கவனிப்பில் சேர்ந்ததுதான்.

மாமிக்குக் கிளினிக்கும் குடும்ப டொக்டரும் சேர்ந்ததே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை கேட்க, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறோம்: எந்த அறிகுறிக்குத் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது? அன்றைக்கு யாரை அழைப்பது?