கேம் திணறும்போது முதலில் பார்க்க வேண்டிய கோடு: ரிவாடியூனர் ஸ்டாடிஸ்டிக்ஸ் சர்வர் மென்பொருள் மதிப்புரை

கணினியில் ஒரு கேம் திணறுகிறது என்று யாராவது சொன்னவுடன் அறிவுரைகள் குவிந்துவிடுகின்றன. டிரைவரை மாற்றச் சொல்கிறார் ஒருவர், கேம் மோடை நிறுத்தச் சொல்கிறார் இன்னொருவர், ரெஜிஸ்ட்ரியில் எதையோ திருத்தச் சொல்கிறார் மூன்றாமவர். இவற்றில் சில பலிக்கவும் செய்யும். ஆனால் திணறல் என்பது ஒரே கோளாறு அல்ல. ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்), வி.ரேம் (கிராபிக்ஸ் கார்டின் நினைவகம்), பிராசசர், பின்னணியில் ஓடும் மென்பொருள் என்று எதுவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்குத் துளியும் உதவாது. ஆகவே எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்பு, நம் கணினியில் நிகழ்வது எந்த வகைத் திணறல் என்று கண்டுகொள்ள வேண்டும். அந்த வேலைக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் மென்பொருள், ரஷ்ய நிரலாளர் அலெக்ஸி நிகோலாய்ச்சுக் உருவாக்கிய ரிவாடியூனர் ஸ்டாடிஸ்டிக்ஸ் சர்வர், சுருக்கமாக ஆர்.டி.எஸ்.எஸ். இது இலவசம். கிராபிக்ஸ் கார்டைக் கண்காணிக்க உதவும் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் மென்பொருளை நிறுவும்போது கூடவே வரும், தனியாகவும் கிடைக்கும். எம்.எஸ்.ஐ. கார்டு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

திரையின் மூலையில் தெரியும் எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணை நம்பித் திணறலை ஆராய முடியாது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். ஒரு நொடியில் 60 ஃபிரேம்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 59 ஃபிரேம்கள் தலா 15 மில்லிசெகண்டில் வந்து, மீதமுள்ள ஒன்றே ஒன்று 115 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால், மொத்தம் சரியாக 1000 மில்லிசெகண்ட். கவுன்டர் 60 என்றே காட்டும். ஆனால் அந்த ஒரு ஃபிரேம் வரும் இடத்தில் படம் பளிச்சென்று நின்று நகர்வதைக் கண் உடனே பிடித்துவிடும். சீரான 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக வர வேண்டும். நாம் பார்க்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். கிராபிக்ஸ் கார்டு மதிப்பீடுகளில் இந்தப் பார்வையை 2011இல் அழுத்தமாகக் கொண்டுவந்தது டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன் எழுதிய கட்டுரை. இன்று எல்லா மதிப்பீட்டாளர்களும் 1% லோ (மிக மெதுவாக வந்த 1% ஃபிரேம்களின் வேகம்) பற்றிப் பேசுவதற்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

ஆர்.டி.எஸ்.எஸ். இந்த இடைவெளியை, கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையின் மேல் ஒரு கோடாக வரைந்து காட்டுகிறது. ஆஃப்டர்பர்னரின் மானிட்டரிங் பகுதியில் ஃபிரேம்டைம் என்ற வரியை டிக் செய்து, அதை ஓவர்லேயில் காட்டும்படி சொல்லி, எழுத்துக்குப் பதிலாக கிராஃப் என்று மாற்றிவிட்டால் போதும். கிராஃபின் உச்ச வரம்பையும் நாமே வைத்துக்கொள்ளலாம். நான் 0 முதல் 50 மில்லிசெகண்ட் என்று வைத்திருக்கிறேன். அதற்குமேல் வைத்தால் சிறு மேடுகள் கண்ணுக்குத் தெரியாமல் தட்டையாகிவிடுகின்றன. அதே பட்டியலில் வி.ரேம் பயன்பாடு, கார்டின் வெப்பநிலை, கோர் கிளாக் (கார்டு இயங்கும் வேகம்), பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டின் சுமை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், கோடு எகிறும் கணத்தில் வேறு எது மாறியது என்பதையும் ஒரே பார்வையில் காணலாம்.

இந்த மென்பொருளின் உண்மையான மதிப்பு கோட்டின் வடிவத்தைப் படிக்கப் பழகிய பிறகுதான் புரியும். அமைதியாக ஓடும் கோட்டில், புதிய எதிரி ஒன்று தோன்றும்போதோ புதிய மாயவித்தை ஒன்று வெடிக்கும்போதோ மட்டும் கூர்மையான ஓர் ஊசி எழுந்து, அதே காட்சி மறுமுறை வரும்போது எழாமல் போனால், அது பெரும்பாலும் ஷேடர் தொகுப்பு, அதாவது ஷேடரை கார்டுக்குப் புரியும் நிரலாக மாற்றும் வேலை. கேம்கள் கார்டோடு பேசப் பயன்படும் டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் இரண்டிலும் பைப்லைன்களை (ஒரு பொருளை வரையத் தேவையான ஷேடர்களும் செட்டிங்குகளும் சேர்ந்த தொகுதி) எப்போது தயார் செய்வது என்பது கேமைச் செய்தவர்களின் பொறுப்பாக விடப்பட்டிருக்கிறது. அவர்கள் முன்கூட்டியே செய்யத் தவறினால், தேவைப்படும் கணத்தில் டிரைவர் அதைத் தொகுக்கும்வரை ஃபிரேம் காத்திருக்கும். 2022 டிசம்பரில் வெளிவந்த தி கலிஸ்டோ புரோட்டோகால் கேமின் பிசி பதிப்பு இதனால்தான் வெளியான அன்றே கடும் கண்டனத்துக்கு உள்ளானது. இவ்வகைத் திணறலுக்கு கிராபிக்ஸ் செட்டிங்குகளைக் குறைப்பதால் பெரிய பயன் இல்லை. என்விடியா கார்டாக இருந்தால் கன்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (தொகுத்த ஷேடர்களைச் சேமித்துவைக்கும் இடம்) அளவை 10 ஜிபி அளவுக்கு உயர்த்தி வைப்பதும், கேம் தொடக்கத்தில் ஷேடர்களைத் தொகுக்கும்போது அவசரப்பட்டு அதைத் தாண்டிச் செல்லாமல் இருப்பதும் உதவும். டிரைவரை மாற்றினால் பழைய கேஷ் செல்லாமல் போய் எல்லாம் முதலிலிருந்து தொகுக்கப்படும். அதனால், டிரைவர் அப்டேட் செய்த அன்று திணறல் கூடியது என்று பலர் புகார் சொல்வதில் வியப்பில்லை. அந்த ஒரு நாளை வைத்துப் புதிய டிரைவர் மோசம் என்று தீர்ப்பளிக்கக் கூடாது.

ஆனால் எல்லா ஊசிகளும் ஷேடர் அல்ல என்பதற்கு எல்டன் ரிங் நல்ல சான்று. 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்த அந்த கேமின் பிசி பதிப்பில் திணறல் இருப்பதை வெளியீட்டாளரே ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டார். டைரக்ட்எக்ஸ் 12 என்பதால் ஷேடர்தான் காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். ஸ்டீம் டெக் என்ற தன் கையடக்கக் கருவிக்காக அதே கேமைச் சீர்செய்த வால்வ் நிறுவனத்தின் பியர்-லூ கிரிஃபே, கேம்களின் தொழில்நுட்பத்தை ஆராயும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரிக்கு அளித்த விளக்கத்தில் வேறொன்றைச் சொன்னார்: தாங்கள் கண்ட பெரிய திணறல்களில் பெரும்பாலானவை ஷேடரால் வந்தவை அல்ல, கேம் சில இடங்களில் கமாண்ட் பஃபர் (கார்டுக்கான கட்டளைகளின் தொகுதி) போன்றவற்றை ஆயிரக்கணக்கில் உருவாக்குவதால் நினைவக மேலாண்மை திக்குமுக்காடுகிறது, அவற்றைக் கூடுதலாக கேஷ் செய்து சரிப்படுத்தினோம். ஷேடர் கேஷை எத்தனை முறை அழித்து உருவாக்கினாலும் இப்படிப்பட்ட திணறல் போகாது. கோட்டில் இதற்கான அடையாளம், அதே இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் மேடு திரும்ப வருவது. திறந்த உலக கேம்களில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குள் நுழையும்போது எழும் திணறலும் இப்படித்தான் தெரியும். வேகமான எஸ்.எஸ்.டி. அதைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. இந்த மேட்டைக் கண்டுவிட்டால், நம் கணினியைப் பழிப்பதை நிறுத்திவிட்டு பேட்ச் வரும்வரை காத்திருக்கலாம். அந்தத் தெளிவு கிடைப்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

வி.ரேம் நிரம்பியதால் வரும் திணறல் வேறு மாதிரி. முதல் கால் மணி நேரம் எல்லாம் நன்றாக ஓடும். பிறகு கேமராவைத் திருப்பும்போதெல்லாம் கோடு அகலமான மேடுகளாக எழும், வி.ரேம் எண் கார்டின் கொள்ளளவை ஒட்டியே நிற்கும். இடம் போதாத டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் பொது ரேமுக்குத் தள்ளப்பட்டு, பிசிஐஇ என்ற இணைப்பு வழியாக மெதுவாக வந்துபோகின்றன. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினால் அநேகமாகச் சரியாகிவிடும். நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் குறைத்துப் படத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. லேப்டாப்பில் கோடு ஒரு படிக்கட்டைப் போல ஏறி அங்கேயே நின்றுவிட்டால், அதே நேரத்தில் கிளாக் எண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அது வெப்பமோ மின்சார வரம்போதான்.

சீரான கால இடைவெளியில் எழும் ஊசிகளுக்குப் பெரும்பாலும் கேம் காரணம் அல்ல. ஆர்.ஜி.பி. விளக்குகளை இயக்கும் மென்பொருள், சென்சார்களைப் படிக்கும் மென்பொருள் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். நேர்மையாகச் சொன்னால் அந்தப் பட்டியலில் ஆஃப்டர்பர்னரும் உண்டு. அது இயல்பாக 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சென்சார்களைப் படிக்கிறது. சில கணினிகளில் கார்டின் மின் நுகர்வைப் படிப்பதே சிறு திணறலை உண்டாக்கும். சரியாக நொடிக்கொரு ஊசி தெரிந்தால் அந்த வரியின் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, எப்போதாவது கேமும் ஒலியும் சேர்ந்து இழுத்துக்கொள்ளும் திணறலும் உண்டு. ரைசன் கணினிகளில் எஃப்.டி.பி.எம். (பிராசசரோடு வரும் பாதுகாப்பு வசதி) காரணமாக இது நேர்வதை ஏ.எம்.டி. 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, பயாஸ் (கணினியின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் தீர்வு தந்தது. பயாஸைத் தொடும்போது எக்ஸ்.எம்.பி. (ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது. 3200 என்று அட்டையில் அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேம், எக்ஸ்.எம்.பி. இல்லாமல் 2133 அல்லது 2400 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். பிராசசரை நம்பி ஓடும் கேம்களில் இது 1% லோவை நன்றாகவே பாதிக்கும்.

நோயைக் காட்டுவதோடு ஆர்.டி.எஸ்.எஸ். ஒரு மருந்தையும் கையில் வைத்திருக்கிறது: எஃப்.பி.எஸ். எண்ணுக்கு உச்ச வரம்பு வைக்கும் ஃபிரேம் லிமிட்டர். கார்டு 48க்கும் 70க்கும் இடையே தத்தளிக்கும்போது கோடு தடித்த பட்டையாகத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க்கோடு (மானிட்டர் படத்தைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷோடு ஃபிரேமை ஒத்திசைக்கும் வசதி) 45 எஃப்.பி.எஸ். ஓடினால் சில ஃபிரேம்கள் 16.7 மில்லிசெகண்டும் சில ஃபிரேம்கள் 33.3 மில்லிசெகண்டும் திரையில் நிற்கும். சராசரி பரவாயில்லை என்றாலும் கண்ணுக்கு அது உறுத்தல்தான். தாக்குப்பிடிக்கக்கூடிய எண்ணில் வரம்பு வைத்தவுடன் அந்தப் பட்டை மெல்லிய நேர்கோடாக மாறுவதை நேரில் பார்க்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு 40 என்ற வரம்பை மனதாரச் சிபாரிசு செய்கிறேன். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று ரெஃப்ரெஷ்களுக்கு, அதாவது 25 மில்லிசெகண்ட், நிற்கும். நேரக் கணக்கில் இது 30க்கும் 60க்கும் நட்டநடுவே அமைகிறது. கேமின் வேகத்துக்கேற்ப ரெஃப்ரெஷை மாற்றிக்கொள்ளும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மானிட்டர்களில் ரெஃப்ரெஷ் அளவுக்கு மூன்று எஃப்.பி.எஸ். குறைவாக, 144 என்றால் 141 என்று, வைப்பது நெடுநாளாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். கேமுக்குள்ளேயே இருக்கும் லிமிட்டரோடு ஒப்பிட்டால் ஆர்.டி.எஸ்.எஸ். லிமிட்டரின் சீர்மை பெரும்பாலும் மேல், ஆனால் மவுஸ் அசைவு திரையில் தெரியும் தாமதம் சற்றே கூடும். போட்டிக்காகத் துப்பாக்கிச் சண்டை கேம்கள் ஆடுபவர்கள் கேமின் லிமிட்டரையோ என்விடியாவின் தாமதக் குறைப்பு வசதியான ரிஃப்ளெக்ஸையோ முதலில் முயலட்டும். கதை கேம்கள் ஆடுபவர்களுக்கு இது போதும். ஷேடர் ஊசிகளை இந்த லிமிட்டர் போக்காது. எல்டன் ரிங் போல 60இல் பூட்டப்பட்ட கேமை அதற்குமேல் உயர்த்தவும் செய்யாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இதன் முகப்பு பழைய காலத்தது, எழுத்துகள் சிறியவை, எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று பிரித்தறிய முடியாது. ஃபிரேம்ரேட் லிமிட் என்று எழுதியிருக்கும் அந்தச் சொல்லையே சொடுக்கினால் அது ஃபிரேம்டைம் லிமிட்டாக மாறும், மறுபடி சொடுக்கினால் ஸ்கேன்லைன் சிங்க்காக (மானிட்டரோடு ஒத்திசைக்கும் இன்னொரு முறை) மாறும். இத்தனை பயனுள்ள வசதியை யாரும் சொல்லித்தராமல் ஒரு புதியவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இடப்புறப் பட்டியலில் குளோபல் என்பதில் வைக்கும் வரம்பு எல்லா கேம்களையும் பாதிக்கும் என்பதும் அங்கே எங்கும் எச்சரிக்கையாக எழுதப்படவில்லை. கேமின் இ.எக்ஸ்.இ. கோப்பைத் தனியாகச் சேர்த்து, அதற்கு மட்டும் வரம்பு வைப்பதே சரியான வழி. அளவீடுகளைச் சேமிக்க ஆஃப்டர்பர்னரின் பெஞ்ச்மார்க் பகுதியில் இரண்டு விசைகளை ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் முதல் பார்வையில் தென்படாது. ஆனால் செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே வழித்தடத்தில் நடந்து 1% லோவை ஒப்பிட அதைவிட எளிய வழி இல்லை.

இன்னொரு வரம்பு, ஆர்.டி.எஸ்.எஸ். கேமின் உள்ளே தன்னை இணைத்துக்கொண்டு இயங்குகிறது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள சில ஆன்லைன் கேம்கள் இதை அனுமதிப்பதில்லை. அங்கே இன்டெல்லின் பிரசென்ட்மான் நல்ல மாற்று. விண்டோஸின் சொந்த நிகழ்வுப் பதிவுகளைப் படித்தே அது கணக்கிடுகிறது, என்விடியா, ஏ.எம்.டி. கார்டுகளிலும் இயங்கும், அதுவும் இலவசம். 2023 ஆகஸ்டில் வந்த அதன் பதிப்பில் ஜிபியு பிஸி (ஒரு ஃபிரேமுக்காக கார்டு உழைத்த நேரம்) என்ற அளவீடு சேர்க்கப்பட்டது. ஒரு ஃபிரேமுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும்போது ஜிபியு பிஸி 9 மட்டுமே என்றால், மீதி நேரம் கார்டு சும்மா காத்திருக்கிறது, தடை பிராசசர் பக்கம் இருக்கிறது என்று பொருள். இதற்கு ஆர்.டி.எஸ்.எஸ்ஸில் த்ரெட் சுமைகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிரசென்ட்மானில் லிமிட்டர் கிடையாது. காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் நிறுவ வேண்டுமென்றால் நான் ஆர்.டி.எஸ்.எஸ்ஸையே தேர்ந்தெடுப்பேன்.

நிறுவ முடிவு செய்தவர்கள் தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்க வேண்டாம். ஆஃப்டர்பர்னரின் பெயரில் தீங்கு நிரல் பரப்பிய போலித் தளம் பற்றி 2021 மே மாதத்தில் எம்.எஸ்.ஐ. நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. 2022இலும் கிரிப்டோ மைனரோடு இணைத்த போலி இன்ஸ்டாலர்கள் பிடிபட்டன. எம்.எஸ்.ஐ.யின் சொந்தத் தளம், அல்லது ஆர்.டி.எஸ்.எஸ்ஸை நெடுங்காலமாக வெளியிட்டுவரும் குரு3டி தளம், இவ்விரண்டிலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவியதும் ஃபிரேம்டைம் கிராஃபை மட்டும் இயக்கிவிட்டு, எந்த செட்டிங்கையும் மாற்றாமல் அரைமணி நேரம் வழக்கம்போல விளையாடுங்கள். மேடு எங்கே, எப்போது, எத்தனை மில்லிசெகண்ட் எழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து எதை மாற்றுவது என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.