லொடலொடக்கும் மேகசின்: திருகுவதா, மாற்றுவதா, விட்டுவிடுவதா?

ஏஆர்-15 என்ற அமெரிக்கத் துப்பாக்கியில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியைச் சொருகிவிட்டு அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடும். ஆடாவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பொத்தானை அழுத்தியதும் காலி மேகசின் தன் எடையிலேயே கீழே விழவேண்டும் என்பதற்காகவே அந்த இடைவெளியை விட்டிருக்கிறார்கள். அதனால் மேகசின் ஆடுகிறது என்று யாராவது வந்து நின்றால், எந்தப் பக்கம் ஆடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

பக்கவாட்டில் ஆடினால் சத்தம் மட்டும்தான் தொல்லை. மேலும் கீழுமாக ஆடினால் அது வேறு கதை. மேகசின் தாழ்ந்து நின்றால், தோட்டாவை உள்ளே தள்ள முன்னே பாயும் எஃகுத் துண்டான போல்ட், தோட்டாவின் பின்பக்கத்தைச் சரியாகப் பிடித்துத் தள்ளாது. அதன் மேலேயே வழுக்கிப் போகும், இல்லாவிட்டால் தோட்டாவின் உடம்பில் இடித்து நின்றுவிடும். சில சமயம் சத்தம் மேகசினிலிருந்தே வருவதில்லை. துப்பாக்கி உடலின் இரு பாதிகளான மேல் ரிசீவரும் கீழ் ரிசீவரும் சேரும் இடத்தில் இருக்கும் ஆட்டத்தை மேகசின் ஆட்டம் என்று நினைத்து, பின்பக்க ஊசிக்கருகில் வைக்கும் சிவப்பு ரப்பர் துண்டை வாங்கி வைப்பவர்கள் உண்டு. ரப்பர் தன் வேலையைச் செய்யும், மேகசின் பழையபடியே ஆடும்.

எதையும் தொடுமுன் மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். பொருத்திப் பார்க்கிற வேலையெல்லாம் காலி மேகசினோடுதான்.

சரி, மேலும் கீழும் ஆடுகிறது, அல்லது சுடும்போது கழன்று விழுகிறது. இப்போது உங்கள் முன்னால் இருக்கும் வழிகளில் மிக மலிவானது, மேகசினைப் பிடித்து நிறுத்தும் கேட்சைத் திருகுவது. செலவே இல்லை. வலப்பக்கப் பொத்தானை மரக்குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ நன்றாக உள்ளே அழுத்தினால், இடப்பக்கம் கேட்ச் வெளியே தள்ளிக்கொண்டு வரும். அதை வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்று திருப்பி விடுங்கள். அரைச் சுற்றில் நிறுத்தினால் அது தன் பள்ளத்தில் உட்காராது. கேட்சின் தண்டு நுனி பொத்தானின் முகத்தோடு சமமாக இருந்தால் போதும். தண்டு உள்ளே புதைந்து கிடந்தால், கேட்ச் மேகசினின் பள்ளத்தை நுனியால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அளவுக்கு மீறித் திருகினால் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் மேகசின் வெளியே வராது. இது கழன்று விழுவதை நிறுத்தும், பக்கவாட்டு ஆட்டத்தைத் தொடக்கூடத் தொடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று இறுக்கிவிட்டு மேகசினோடு மல்லுக்கட்டுகிறவர்களை ரேஞ்சில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பழுதே இல்லாத பழுது. 30 தோட்டா முழுசாக ஏற்றிய மேகசினை, போல்ட் மூடியிருக்கும்போது சொருகினால் மேல் தோட்டா போல்ட்டின் அடியில் முட்டும். கேட்ச் பிடித்தமாதிரி இருக்கும், பிடித்திருக்காது. முதல் குண்டு போனதும் மேகசின் கீழே கிடக்கும். பலர் 28 தோட்டாவோடு நிறுத்துவது இதனால்தான். தள்ளிய பிறகு ஒருமுறை கீழ்நோக்கி இழுத்துப் பார்ப்பது பாதித் தொல்லையைத் தீர்த்துவிடும்.

அடுத்தது மேகசினையே மாற்றுவது. என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் கெடுகிற பாகம் அதுதான். சாதாரண மேகசின்கள் அமெரிக்காவில் 10 முதல் 15 டாலருக்குள் கிடைக்கின்றன. கீழ் ரிசீவரைச் சுரண்டிக் கெடுத்தால் அந்தக் கணக்கில் மீளமுடியாது.

எதை வாங்குவது? ராணுவப் பாணி அலுமினிய மேகசின் எடை குறைவு, மெலிதாக இருப்பதால் எல்லாத் துப்பாக்கியிலும் போகும், அதே காரணத்தால் கொஞ்சம் அதிகமாகவும் ஆடும். அதன் கெட்ட குணம், சத்தமில்லாமல் வளைவது. தோட்டாவோடு கான்கிரீட்டில் விழுந்தால் தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடுகள் லேசாக விரிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, துப்பாக்கி மட்டும் திக்கும். பாலிமர் அப்படி வளைந்த நிலையில் நிற்பதில்லை. ஒன்று பழைய நிலைக்குத் திரும்பும், இல்லையென்றால் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும்.

பாலிமரில் மேக்புல் நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த பீமேக்தான் எல்லோரும் சொல்லும் பெயர். அதன் முதுகிலுள்ள தடுப்பு, மூன்றாம் தலைமுறையான எம்3-ல் வந்தது, மேகசின் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. போல்ட் பின்னால் நிற்கும்போது வேகமாக அறைந்து சொருகுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பாலிமர் என்றாலே எங்கும் போகும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்க மரைன் படையின் எம்27 துப்பாக்கியில் பழைய பீமேக் உட்காரவில்லை. எம்3 உட்கார்ந்தது, 2016 டிசம்பரில் மரைன் படை அதற்கு அனுமதியும் கொடுத்தது. எஃகு மேகசின்களும் இருக்கின்றன. உறுதி, ஆனால் கனம், கவனிக்காவிட்டால் துரு. வெறும் ஆட்டத்துக்காக எஃகுக்குப் போகத் தேவையில்லை.

துப்பாக்கியில் மேகசின் சொருகும் வாயில் டேப் ஒட்டுவது, தகடு சொருகுவது பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வெயிலில் பசை இளகும், மணல் ஒட்டும், கடைசியில் மேகசின் பாதி வழியில் சிக்கும். செய்யாதீர்கள்.

ஏகே-47 வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவர்கள் பிரச்சினையே வேறு. அங்கே மேகசின் நேராக ஏறுவதில்லை. முன்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பின்பக்கம் ஆட்டி ஏற்றினால் நெம்புகோல் போன்ற கேட்ச் பிடித்துக்கொள்ளும். திருகிச் சரிசெய்ய அங்கே எதுவும் கிடையாது. ஏகே-47-ஐ மேம்படுத்தி வந்த சாதாரண ஏகேஎம் துப்பாக்கி ரிசீவரின் இரு பக்கமும் மேகசின் வாய்க்கு மேலே உள்நோக்கி அழுத்திய ஒரு குழி இருக்கும். மேகசினைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது அதுதான். ருமேனியாவில் செய்து அமெரிக்காவுக்கு வரும் வாஸர்-10 என்ற ஏகே வகைத் துப்பாக்கியில் அந்தக் குழி இல்லை. இறக்குமதி விதிகளுக்காக ஒற்றை வரிசை மேகசினுக்கான குறுகிய வாயோடு வந்து, பிறகு அமெரிக்காவில் அகலப்படுத்தப்பட்டது அது. வெட்டியவர் கை கொஞ்சம் தாராளமாகப் போயிருந்தால் மேகசின் பல் போன கிழவரின் வாய்போல ஆடும். சுடுவது பெரும்பாலும் கெடாது. சத்தம் சகிக்கவில்லை என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே வழிகாட்டித் தகட்டை வெல்டிங்கில் தடிமனாக்கச் சொல்லலாம். வீட்டில் செய்கிற வேலை இல்லை. இறுக்கமாக இருந்து ஏறாத மேகசின் என்றால் மட்டும் வீட்டிலேயே அரம் எடுக்கலாம். மேகசினின் பின்கொக்கியில் நாலு இழுப்பு, பொருத்திப் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு. துப்பாக்கியின் கேட்சில் அரம் வைத்தால், கைவசம் இருக்கும் மற்ற மேகசின்கள் எல்லாம் ஆட ஆரம்பித்துவிடும்.

என் மேகசின்களின் அடியில் வெள்ளை மார்க்கரில் எண் போட்டிருக்கிறேன். துப்பாக்கி திக்கினால் எந்த எண் என்று பார்ப்பேன். இரண்டு முறை ஒரே எண் வந்தது, 4. ஆட்டிப் பார்த்தால் எல்லாவற்றையும்விட இறுக்கமாக உட்காரும் மேகசின் அது. ஸ்பிரிங்கை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டேன்.