கிளிப் கழற்றியதோடு வேலை முடிந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள்

பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பவர்களும், பிள்ளைகளுக்குப் போடப்போகும் பெற்றோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்குப் பணம் மட்டும் போகவில்லை. மூன்று வருடமும் போயிற்று.

திருச்சியில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். எனக்கு மேல்பல் தூக்கலாகவும், கீழ்வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் இருக்கும். இடம் வேண்டும் என்று மேலே இரண்டு, கீழே இரண்டு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். "எல்லாம் சேர்த்து 45,000" என்றார்கள். இரண்டு வருடம் நாலு மாதம், மாதா மாதம் போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வந்தேன்.

கழற்றும் நாளில்தான், நேராக்கிய பல் நகராமல் இருக்க மாட்டிக்கொள்ளும் ரிட்டெய்னருக்குத் தனிக் காசு என்றார்கள். 5,000. சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று கொடுத்தேன். எனக்குப் பார்த்த, பல்வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோ டாக்டர் ஞாயிறு மட்டும் வந்து போகிறவர், அன்றைக்கு இல்லை. இருந்த இளம் டாக்டர் கழற்றிவிட்டு, "ராத்திரி மட்டும் போடுங்கக்கா, ஆறு மாசம் போதும்" என்றார்.

ஆறு மாதம் ஒரு ராத்திரிகூட விடவில்லை. அப்புறம் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது கீழ்ப்பல் ஒன்றின் ஓரம் நாக்கு நுனியில் தட்டியது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, நாக்குக்குத்தான் தெரிந்தது. ரிட்டெய்னரை எடுத்து மாட்டினால் ஒரு பக்கம் உட்கார்ந்தது, மறுபக்கம் நகக்கனம் தூக்கிக்கொண்டு நின்றது.

கிளினிக்குக்கு ஓடினேன். அந்த ஆர்த்தோ டாக்டர் வருவதை நிறுத்திவிட்டாராம். "ஞானப்பல் தள்ளுது, அதை எடுத்துட்டு மறுபடி கிளிப் போடணும்" என்று 40,000 சொன்னார்கள். ஆறு மாதம் போதும் என்று சொன்னது நீங்கள்தானே என்றேன். யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார்கள். என் கையில் இருந்தது ஒரே ஒரு ரசீது, அதில் 'ஆர்த்தோ' என்று மட்டும் எழுதியிருந்தது.

பல் மருத்துவத்தில் மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்த வேறொரு ஆர்த்தோ மருத்துவரிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. திருப்பி நேராக்கிய பல்லை ஈறில் இருக்கும் நார்கள் ரப்பர் மாதிரி பழைய பக்கமே இழுக்கும். அவை புது இடத்துக்குப் பழகவே ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதோடு முடிவதும் இல்லை. கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருக்கிக்கொண்டு வரும். ஞானப்பல்தான் காரணம் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்றும் சொன்னார். இப்படிச் சொல்லி எத்தனை பேருக்குப் பல்லைப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. என்னைப் போலவே நாலு பல் எடுத்துக் கிளிப் போட்டவர்களை, ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். கீழ் முன்வரிசை திருப்தியாக இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இது தெரிந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு ஆறு மாதம் என்கிறார்கள்!

இப்போது கீழ்வரிசைக்கு மட்டும் மறுபடி ஐந்து மாதம் கிளிப் போட்டு, கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறார். அதற்கு மேல் ராத்திரியில் ரிட்டெய்னர். எவ்வளவு நாளைக்கு என்றேன். பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வரைக்கும் என்றார். ஒட்டிய கம்பியும் ஒரு பல்லில் மட்டும் சத்தமில்லாமல் விட்டுப்போகும், அந்தப் பல் நகர்ந்த பிறகுதான் தெரியும். அதனால் தினமும் நாக்கால் தடவிப் பார்க்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுகிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும் ரிட்டெய்னரை வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். ராத்திரி மாட்டும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உட்காராததை அழுத்தித் திணிக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே ரிட்டெய்னர் இதில் சேர்த்தியா, உடைந்தால் எவ்வளவு, கழற்றிய பிறகு யார் பார்ப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றும் நாளில் பல்லின் மாவு அச்சையோ ஸ்கேனையோ கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அது இருந்தால் ரிட்டெய்னர் தொலைந்தாலும் அதே அளவில் வேறு செய்துகொள்ளலாம். என்னுடையதைக் கேட்டபோது, வைக்க இடமில்லை, தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள்.