தள்ளிப் பார்த்து வாங்கிய வண்டி: மூன்று ஆண்டு, 41,000 கிலோமீட்டர்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. வாசலை ஒட்டிச் சாக்கடை மேல் போட்ட சிமென்ட் சிலாப், அதைத் தாண்டினால் ஒரு முழம் ஏற்றம், அப்புறம்தான் தெரு. திருப்ப இடம் கிடையாது. வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

முன்பு வைத்திருந்தது 350 சிசி பைக், கிட்டத்தட்ட 200 கிலோ. தினமும் காலையில் அந்தச் சிலாப்பைத் தாண்டத் தம் கட்ட வேண்டும். மழை பெய்தால் மகனைக் கூப்பிடுவேன். அவன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, ‘பக்கத்துலதானே’ என்று மனைவியின் ஸ்கூட்டரை எடுக்க ஆரம்பித்தேன். பெரிய வண்டி உறை போர்த்திக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் இன்சூரன்ஸ், இரண்டுக்கும் சர்வீஸ். ஐந்து வாரம் தொடாமல் விட்டு, ஒரு நாள் ஏற்காடு போகலாம் என்று சாவியைப் போட்டால் பேட்டரி படுத்துவிட்டது. அன்றே விற்பது என்று முடிவு செய்தேன். ஊருக்குள்ளும் அதுதான், தூரத்துக்கும் அதுதான் என்று ஒரே வண்டி வேண்டும்.

என்னைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். வயது 49, உயரம் 5 அடி 4 அங்குலம். தொழில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் போட்டுக் கொடுப்பது. காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி என்று ஏதாவது ஒரு மாந்தோப்புக்குத் தினமும் போய் வர 40 கிலோமீட்டராவது ஆகும். மாதம் ஒரு ஞாயிறு மனைவியோடு எங்காவது நீண்ட பயணம்.

2022 கடைசியில் ஷோரூம்களுக்குப் போனபோது எடைகளை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப்போனேன். ராயல் என்ஃபீல்டில் ஹிமாலயன் 411 என்றால் 199 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195, ஹண்டர் 350 என்றால் 181. சுசுகியின் வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167தான், ஆனால் சீட் உயரம் 835 மில்லிமீட்டர், என் காலுக்கு நுனிவிரல்தான் எட்டும். ஒரு விஷயம்: கெர்ப் வெயிட் என்று போட்டிருந்தால் பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்ந்த எடை. டிரை வெயிட் என்றால் அவை இல்லாமல். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவை ஒட்டி வரும். 13 லிட்டர் டேங்க் என்றாலே பத்து கிலோ வித்தியாசம். இரண்டையும் கலந்து ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

ஷோரூம் பையன் “சார், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க” என்றான். நான் இன்ஜினை ஆன் பண்ணாமல் வாசல் சாய்தளத்தில் பின்னால் தள்ளி ஏற்றிப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மனைவியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படுகிறதா என்று பார்த்தேன். ஓட்டிப் பார்த்தது கடைசியில்தான். எதை வாங்கினேன் என்று பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு பிராண்டு சண்டையாகிவிடும். 200க்கு மேல் 250 சிசிக்குள், 160 கிலோவை ஒட்டியது, நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார். அவ்வளவு போதும்.

பழைய வண்டியைவிடக் குறைந்த இந்த 40 கிலோ எங்கே தெரிகிறது? நேரான சாலையில் 70-ல் போகும்போது சத்தியமாகத் தெரியாது. நின்றால்தான் தெரியும். தோப்புக்குள் உழுது போட்ட செம்மண்ணில் சைடு ஸ்டாண்டு இறங்கிவிடும். பழைய வண்டியாக இருந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும். இதை இடுப்பை முட்டுக் கொடுத்து நானே நிமிர்த்திவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போனோம். காட்டுச் சாலை. எதிரே வந்த பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார். முன்னால் யானை. சாலை குறுகல், ஒரு பக்கம் சரிவு, ஓரத்தில் சரளை. மனைவி இறங்கி, “ஏங்க, மெதுவா, கல்லு வழுக்குது” என்கிறாள். இரண்டு தடவை முன்னும் பின்னும் தள்ளினேன், வண்டி திரும்பிவிட்டது. இன்ஜினைக்கூட முடுக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் திரும்பி வந்து ஒரு பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்து, அடுத்த பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனோம். பழைய வண்டியோடு அந்தச் சரளையில் நின்றிருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இதில்தான் முதல் முறையாக ஏறினேன். பெரும்பாலும் இரண்டாம் கியர். இறங்கியதும் மணிக்கட்டு வலிக்கும் என்று நினைத்தேன், வலித்தது முதுகின் அடிப்பகுதி. அதற்குக் காரணம் எடையில்லை, சீட்.

ஆம், குறைகளுக்கு வருகிறேன். கம்பெனி சீட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. டவுனில் சீட் கவர் தைப்பவரிடம் கொடுத்தேன். அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, “ஸ்பாஞ்ச் மெத்துன்னு இருக்குண்ணா, அதான் பிரச்சினை” என்றார். மெத்தென்று இருந்தால் அரை மணியில் அமுங்கி அடிப்பலகை தட்டுமாம். கெட்டி ஸ்பாஞ்ச் போட்டு, முன்பக்கம் சரிந்திருந்ததைச் சமப்படுத்தினார். 1,400 ரூபாய். இந்த மூன்று ஆண்டில் வண்டிக்குச் செய்த மிகச் சிறந்த செலவு இதுதான்.

அடுத்தது காற்று. சூளகிரிப் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கடந்து போகும்போது வண்டி ஒரு சாண் நகர்கிறது. 200 கிலோவில் இந்தப் பயம் குறைவாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிக்குப் பக்கவாட்டில் ஓட்டவே மாட்டேன். முந்தினால் முழுசாக முந்திவிடுவது, இல்லாவிட்டால் தள்ளிப் பின்னால் நிற்பது. 80 வரை சுகம். 95 தாண்டினால் கால்வைப்பானில் அதிர்வு, பாதம் மரத்துப் போகும். தினமும் பெங்களூருக்கு நூறில் போக வேண்டியவர்களுக்கு இந்த ரகம் சரிப்படாது. ஹெட்லைட்டும் சுமார்தான், இருட்டியபின் காட்டுப் பாதையைத் தவிர்க்கிறேன்.

பின்சீட்டில் ஆள், இரண்டு பக்கமும் பை என்றால் வேகத்தடையில் பின்பக்கம் தட்டியது. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கியதும் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை தனியாகப் போகும்போது தளர்த்த மறந்தால் தூக்கிப் போடும். மறக்கிறேன், வாரா வாரம்.

மைலேஜ் ஊருக்குள் 40, நாற்கரத்தில் 80-ல் போனால் 38. பின் டயர் 19,000 கிலோமீட்டரில் ஒன்று மாற்றினேன். செயின் ஸ்ப்ராக்கெட் 24,000-ல். தோப்புப் புழுதி செயினைத் தின்றுவிடுகிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து 90 நம்பர் கியர் ஆயில் விடுகிறேன். கிளட்ச் கேபிள் ஒன்று போச்சம்பள்ளிச் சந்தை நெரிசலில் அறுந்தது. முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போனேன். மூச்சு வாங்கியது, ஆனால் தள்ள முடிந்தது.

ஸ்கூட்டரை மனைவி திரும்ப எடுத்துக்கொண்டாள். இரண்டாவது பின் டயரும் 37,500-லேயே வழவழப்பாகிவிட்டது. மழைக்கு முன் மாற்றியிருக்க வேண்டும், இந்த வாரமாவது கடைக்குப் போகிறேன்.