வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு: கட்டுவதா, எழுதுவதா, நேரில் போய் நிற்பதா?

காரை நிறுத்திவிட்டுப் போய்த் திரும்பி வந்தால் வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு, அதாவது பார்க்கிங் டிக்கெட், படபடத்துக்கொண்டிருக்கும். முதலில் கோபம் வரும், அடுத்துக் கணக்கு வரும். கட்டித் தொலைத்துவிடலாமா, கடிதம் எழுதிப் பார்க்கலாமா, நேரில் போய் நியாயம் கேட்கலாமா? பெருநகரத்தில் வாங்கிய டிக்கெட் என்றால் எந்த வழியில் போனாலும் கடைசியில் ஏதோ ஒரு கணினி வரிசையில்தான் போய் விழும். சிறிய ஊரில் அப்படியில்லை. டிக்கெட் எழுதியவரும், பணம் வாங்குபவரும், புகாரைப் படிப்பவரும் பல நேரம் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். ஆகவே எந்த வாசலில் போய் நிற்கிறோம் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

நான் இதுவரை இரண்டு டிக்கெட்டை எதிர்த்திருக்கிறேன். ஒன்று ரத்தானது. இன்னொன்றுக்கு முழுத் தொகையையும் அழுதேன். கையில் ஆதாரம் இருந்தால் கடிதம், கதை மட்டும் இருந்தால் நேரில் என்பது இப்போது என் கட்சி. இரண்டாவது முறை இதைத் தலைகீழாகச் செய்துதான் தோற்றேன்.

எதைச் செய்வதற்கும் முன்னால் சீட்டைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். உள்ளூர் நிர்வாகமோ காவல்துறையோ கொடுத்தால் அது அபராதம். தனியார் இடத்தில் ஒரு நிறுவனம் ஒட்டிவிட்டுப் போனது என்றால், என்னதான் அபராதச் சீட்டு மாதிரி அச்சடித்திருந்தாலும், அடிப்படையில் அது ஒரு பில். ‘பில்தானே’ என்று கிழித்துப் போட்டுவிடவும் முடியாது. பிரிட்டனில் இரண்டு மணி நேரம் இலவசம் என்றிருந்த ஒரு வளாகத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நின்ற ஒருவர், தன்னிடம் கேட்ட 85 பவுண்ட் அநியாயம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தத் தொகை செல்லும் என்று 2015 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தனியார் சீட்டின் கதை வேறு; இங்கே அரசுத் தரப்பு டிக்கெட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் வழி, கட்டிவிடுவது. இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டியதில்லை. சில இடங்களில் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தில் உள்ளாட்சி கொடுக்கும் அபராதத்தை 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான். கடைசிவரை போராடித் தோற்றால் முழுத் தொகை. அதாவது ஜெயிப்போம் என்ற நம்பிக்கை பாதிக்கு மேல் இருந்தால்தான் முழுச் சண்டைக்குப் பொருள் உண்டு. ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. அந்த 14 நாளுக்குள்ளேயே முதல் ஆட்சேபக் கடிதத்தை அனுப்பிவிட்டால், அதை நிராகரித்தாலும் பாதித் தொகைச் சலுகையை மறுபடி தரும் நிர்வாகங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட ஊரில் முதல் கடிதத்துக்குச் செலவு ஒரு தபால்தலைதான். ‘இப்போதைக்குக் கட்டிவிடுவோம், பிறகு சண்டை போடலாம்’ என்பது மட்டும் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் பணம் கட்டியதும் கோப்பு மூடப்பட்டுவிடும்.

கண்டுகொள்ளாமல் விடுவது என்றொரு வழியையும் நண்பர்கள் சொல்வார்கள். இங்கிலாந்தில் அது தொகையை ஐம்பது சதவீதம் ஏற்றிவிடும். கலிபோர்னியாவில் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது குறுக்கே வந்து நிற்கும். அதற்கு மேல் அந்த யோசனைக்கு மரியாதை தர வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, கடிதம். என் முதல் டிக்கெட் இப்படி: இயந்திரத்தில் காசு போட்டு, கட்டணச் சீட்டை வாங்கி டாஷ்போர்டில் வைத்தேன். கதவை ஓங்கிச் சாத்தினேன். அந்தக் காற்றில் சீட்டு எகிறிக் கவிழ்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிந்தது வெள்ளைப் பின்பக்கம்தான். திரும்பி வந்து டிக்கெட்டைப் பார்த்ததும் கை முதலில் டாஷ்போர்டுக்குத்தான் போனது. நல்லவேளை, தொடுவதற்கு முன்னால் போனை எடுத்தேன். கண்ணாடிக்கு வெளியிலிருந்து கவிழ்ந்த நிலையில் ஒன்று, கதவைத் திறந்து அதே இடத்தில் சீட்டைத் திருப்பிப் போட்டு ஒன்று, டிக்கெட்டையும் சீட்டையும் சேர்த்துப் பிடித்து நேரம் இரண்டும் தெரிகிற மாதிரி ஒன்று என்று மூன்று படம். கடிதம் ஐந்தே வரி. கட்டிய நேரம், முடியும் நேரம், டிக்கெட் எழுதிய நேரம், மூன்று படங்கள், ‘ரத்து செய்யக் கோருகிறேன்’. மூன்று வாரத்தில் ஒற்றை வரியில் பதில் வந்தது: ரத்து.

கடிதத்தைப் படிக்கிறவர் ஒரு பெட்டியில் டிக் அடிக்க வேண்டியவர். டிக் அடிக்க அவருக்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கிளைக்குப் பின்னால் மறைந்த பலகை, அழிந்துபோன கோடு, பழுதான இயந்திரம், தவறான வண்டி எண், தெருவின் பெயர் மாறியிருப்பது எல்லாம் அந்த வகை. பலகையைப் படம் எடுப்பதானால் பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி எடுத்தால்தான் அது தெரியவில்லை என்பது தெரியும். நேரத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். இங்கிலாந்தில் உள்ளாட்சி நிறுத்துமிடங்களில், நேரம் முடிந்த பிறகும் 10 நிமிடம் சலுகை என்பது 2015 ஏப்ரல் முதல் சட்டம். இதைத் தெரியாமல் எட்டு நிமிடத் தாமதத்துக்குக் கட்டியவர்கள் இருப்பார்கள். அதே சமயம், கார் நீலமாக இருக்கச் சாம்பல் நிறம் என்று எழுதிவிட்டார்கள் என்பதை வைத்துக்கொண்டு வெற்றிக்கொடி நாட்டக் கிளம்பாதீர்கள். எண்ணும் இடமும் நேரமும் சரியாக இருந்தால் நிறத்தை யாரும் சட்டை செய்வதில்லை.

இரண்டாவது டிக்கெட்டில் எனக்கு ஆதாரம் இல்லை, கதைதான் இருந்தது. பல் டாக்டர் அரை மணி என்றது ஒன்றரை மணியானது. மரத்துப்போன வாயோடு வெளியே வந்தால் சீட்டு. இதை ஒன்றரைப் பக்கத்துக்கு உருக்கமாக எழுதினேன். ‘தங்கள் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது’ என்று ஆரம்பித்த அச்சடித்த பதில் வந்தது. பணம் கட்டக் கவுன்ட்டருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். மனைவிக்குக் கண் பரிசோதனை, கண்ணில் மருந்து விட்டார்கள், பார்வை தெளியும்வரை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் இருந்த அம்மா கேட்டுவிட்டு, டிக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்து, ‘இதுதான் முதல் தடவை போல, பாதி கட்டிவிட்டுப் போங்கள்’ என்றார். என்னுடையதும் கிட்டத்தட்ட அதே கதை. நான் அதைக் காகிதத்தில் சொல்லியிருந்தேன்.

அதனால்தான் கதைக்கு நேரில் போகச் சொல்கிறேன். கருணை காட்டும் அதிகாரம் சிறிய ஊரில் கவுன்ட்டருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருக்கிறது, ஆனால் அது முகத்தைப் பார்த்துத்தான் இளகும். முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் ஓக்லஹோமா நகரத்தில் நட்டார்கள். அடுத்த மாதமே சிக்கிய ஒரு பாதிரியார், சில்லறை மாற்றத்தான் போயிருந்தேன் என்று சொல்லித் தப்பினார் என்பார்கள். மீட்டர் வந்த நாள் முதலே அதற்கான சமாதானமும் வந்துவிட்டது.

நேரில் போவதில் இன்னொரு வகை, முறையான விசாரணை. இங்கே ஒரு கட்டுக்கதையை உடைத்தாக வேண்டும்: ‘டிக்கெட் எழுதியவர் வரவில்லை என்றால் தானாக ஜெயம்.’ கலிபோர்னியாவில் அவர் வரவே தேவையில்லை. டிக்கெட்டே முதல்நிலைச் சாட்சி என்று சட்டம் சொல்கிறது. அங்கே டிக்கெட் கொடுத்த 21 நாளுக்குள் இலவசமாக முதல் பரிசீலனை கேட்கலாம். அது தோற்றால் விசாரணை, ஆனால் அதற்குத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்ட வசதியில்லாதவருக்கு விலக்கு உண்டு. ஜெயித்தால் பணம் திரும்பும். இங்கிலாந்தில் முறையான ஆட்சேபம் நிராகரிக்கப்பட்ட பின் 28 நாளுக்குள் தனித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஒரு காசும் கட்ட வேண்டாம். எனக்கு இங்கிலாந்தின் வழிதான் நியாயமாகப் படுகிறது. ஊர் நிர்வாகத்தின் சம்பளம் வாங்காத ஒருவர் படிக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

அதற்கும் மேலே நீதிமன்றம். கொள்கைக்காகச் சண்டை போடுகிறவர்களின் இடம் அது. அமெரிக்காவின் மிச்சிகனில் சாகினா என்ற ஊரில் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு நேரம் கணக்கிட்டு 15 டிக்கெட் கொடுத்ததை எதிர்த்து ஒரு பெண் வழக்குப் போட்டார். அப்படிக் கோடு போடுவது அரசியலமைப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் ஒரு ‘சோதனை’ என்று 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2022ல் சான் டியேகோ வழக்கில் வேறொரு நீதிமன்றம் கோடு போட்டால் தப்பில்லை என்றது. ஆகவே இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊர்க் கவுன்ட்டரில் நிற்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது ஒஹாயோவில் வெஸ்ட் ஜெஃபர்சன் என்ற சின்னஞ்சிறு ஊரின் வழக்கு. 24 மணி நேரத்துக்கு மேல் தெருவில் நிற்கக்கூடாத வண்டிகளின் பட்டியலில் ‘மோட்டார் வாகனம்’ என்பதற்கும் ‘கேம்பர்’ (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டி) என்பதற்கும் நடுவில் காற்புள்ளி விடுபட்டிருந்தது. அப்படியானால் தடை ‘மோட்டார் வாகனக் கேம்பர்’ என்ற ஒரே பொருளுக்குத்தான், என்னுடையது பிக்கப் டிரக் என்று வாதாடினார் டிக்கெட் வாங்கிய பெண். கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டில், காற்புள்ளி வேண்டுமென்றால் ஊர் நிர்வாகம் சட்டத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்று சொல்லி அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். டிக்கெட் 2014 பிப்ரவரி, தீர்ப்பு 2015 ஜூன்.

பதினாறு மாதம். நானாக இருந்தால் அந்த விதியைப் படியெடுத்து, விடுபட்ட இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, முதல் கடிதத்தோடு அனுப்பியிருப்பேன். அதற்கு மசியவில்லை என்றால் விசாரணை வரை போயிருப்பேன். அதற்கு மேல் பொறுமை எனக்குக் கிடையாது, பாதிச் சலுகை இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்திருப்பேன்.