நாமே கட்டும் நீச்சல் குளம்: தண்ணீர் நிரப்பிச் சில வருடம் கழித்துத் தெரிய வருபவை

தரைக்குள் இறக்கிக் கட்டிய குளம் முதல் வருடம் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். டைல்ஸ் மின்னும், தண்ணீரில் அடித்தரை பளிச்சென்று தெரியும். எங்கெங்கே அவசரப்பட்டோம் என்பது மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அப்படித் தலைகாட்டுபவை பெரும்பாலும் கான்கிரீட்டுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் புதைந்து கிடப்பவை: குழாய் இணைப்பு, தரையும் சுவரும் சேரும் மூட்டு, ஸ்கிம்மர் (நீர்மட்டத்தில் மிதக்கும் இலை, குப்பையை இழுக்கும் வாய்) கழுத்து. மேலே தெரிகிற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இவற்றை மாற்ற உடைத்தாக வேண்டும்.

கணக்குக்கு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு முனையில் 1.2 மீட்டர், மறுமுனையில் 1.5 மீட்டர் ஆழம் என்று ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 43,000 லிட்டர். குடும்பப் பயன்பாட்டுக்கு இந்த ஆழமே தாராளம். 2.4 மீட்டர் ஆழம் வெட்டியவர்கள் அந்தப் பகுதியில் பெரும்பாலும் மிதப்பதோடு சரி. மருந்து, பம்ப் ஓடும் நேரம், தோண்டும் செலவு எல்லாம் கூடியதுதான் மிச்சம். ஒன்று மட்டும் கண்டிப்பு: 1.5 மீட்டரில் தலைகீழாகப் பாயக் கூடாது.

சுவரும் தரையும் 20 செ.மீ. கனம், அடியில் 10 செ.மீ. வெறும் கான்கிரீட். ஷட்டர் (கான்கிரீட் ஊற்றும் பலகை அச்சு) அடிக்கச் சுற்றிலும் அரை மீட்டர் இடம் விட்டால் ஏறக்குறைய 90 கனமீட்டர் மண் வெட்ட வேண்டும். வெட்டிய மண் கால் பங்கு உப்பும். 115 கனமீட்டர் மண்ணை எங்கே கொட்டுவது என்று முதலில் முடிவு செய்யாவிட்டால், குழி ஓரத்திலேயே குவித்து, அந்தப் பாரத்தில் கரை சரிந்து உள்ளே நிற்பவர் மேல் விழும். தளர்ந்த மண்ணில் கரையைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது முட்டுக் கொடுங்கள்.

தோண்டுவது, குழாய் போடுவது, டைல்ஸ் ஒட்டுவது, பம்ப் பொருத்துவது ஆகியவற்றை ஒருவர் தானே செய்யலாம். கம்பி வரைபடத்தையும் மின் இணைப்பையும் மட்டும் தெரிந்த பொறியாளரிடமும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமும் விடுங்கள். குளத்து மின்சுற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், உள்ளே 12 வோல்ட் விளக்கு, கம்பிக்கூடு, ஏணி, பம்ப் உடல் ஆகிய எல்லா உலோகத்தையும் ஒன்றாக இணைக்கும் செம்புக் கம்பி வேண்டும். இந்த இணைப்பைக் கான்கிரீட் போடும் முன்பே கொடுத்துவிட வேண்டும், பிறகு வழியில்லை.

இந்த அளவுக் குளத்தின் ஓட்டுக்கு, அதாவது தரையும் சுவரும் சேர்ந்த கான்கிரீட் கூட்டுக்கு, ஏறக்குறைய 15 கனமீட்டர் கான்கிரீட் பிடிக்கும், எடை 37 டன் வரும். அடித்தளப் பரப்பு 8.4 × 4.4, அதாவது 37 சதுர மீட்டர். நிலத்தடி நீர் அடித்தளத்துக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினால் கீழிருந்து மேலே தள்ளும் விசையும் 37 டன். குளம் நிரம்பியிருக்கும் வரை கவலை இல்லை. மழைக்காலத்தில் யாராவது காலி செய்தால் மொத்த ஓடும் படகு மாதிரி எழும்பும். ஒரு பக்கம் பத்து செ.மீ. எழும்பினாலே குழாய்கள் அறுந்து, சுவர் விரிந்து, குளம் குப்பைக்குத்தான். ஆகவே அடித்தளத்துக்குக் கீழே ஜல்லிப் படுகை, அதில் துளையிட்ட குழாய், அதன் முனையில் நீர்மட்டம் பார்க்கவும் இறைக்கவும் ஒரு செங்குத்துக் குழாய் வையுங்கள். அடித்தரையில் தண்ணீரை உறிஞ்சும் மெயின் டிரெயின் தொட்டியில் அழுத்தம் விடுவிக்கும் வால்வும் வேண்டும். ஆனால் அது மண் அடைத்துச் சிக்கிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்பிக் காலி செய்யாதீர்கள்.

கான்கிரீட் எம்-30 வலிமைத் தரம், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது. 'கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, இறங்கட்டும்' என்ற குரல் கண்டிப்பாகக் கேட்கும். இறங்க வைப்பது வைப்ரேட்டரின் வேலை, தண்ணீரின் வேலை அல்ல. கம்பி கான்கிரீட்டுக்குள்ளேயே நிற்க 50 மி.மீ. கவர் பிளாக் (இடைவெளிக் கட்டை). தரையைப் போட்டுச் சில நாள் கழித்துச் சுவர் எழுப்பினால் நடுவே விழும் மூட்டுதான் குளத்தின் பலவீனமான இடம். தரையோடு சேர்த்தே 10-15 செ.மீ. சுவரை எழுப்பி, அந்த மூட்டில் நீரைத் தடுக்கும் வாட்டர் ஸ்டாப் பட்டை வைத்து, மறுநாள் பழைய கான்கிரீட்டைக் கொத்திக் கழுவிய பிறகே சுவரைத் தொடருங்கள். பட்டையின் இரு முனைகளைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்று வைத்துவிட்டால் அங்கேதான் ஒழுகும், சூடாக்கி ஒட்ட வேண்டும். பிறகு 14 நாள் ஈரம் காயாமல் நீராற்றுதல்.

டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு முறை தண்ணீர் நிரப்பி ஏழு நாள் விட்டுப் பாருங்கள். பலரும் தாண்டிப் போகும் கட்டம் இதுதான். அதன் பிறகே மூலைகளில் சரிவுப் பூச்சு, வலை பதித்து இரண்டு கோட் நீர்த்தடுப்புப் பூச்சு. ஸ்கிம்மர், ரிட்டர்ன் (வடிகட்டிய தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் வாய்), விளக்குப் பெட்டி ஆகியவற்றைச் சுற்றி பிளாஸ்டிக்கும் கான்கிரீட்டும் தாமாக ஒட்டாது. விளிம்பைச் சுற்றி வெட்டி, வீங்கும் சீலண்ட் அடைத்துச் சுருங்காத கிரவுட்டால் மூட வேண்டும்.

குழாய் விஷயத்தில் ஒரு அளவு பெரிதாகப் போடுவது நல்லது. ஆறு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒரு சுற்று வர மணிக்கு 7.5 கனமீட்டர் ஓட்டம் போதும். 50 மி.மீ. குழாயில் இது வினாடிக்கு 1.3 மீட்டர் வேகம், 63 மி.மீ. குழாயில் 0.8. வேகம் குறைந்தால் உராய்வு வேகத்தைவிட வேகமாகக் குறையும், பம்ப் சத்தமில்லாமல் ஓடும். அந்த ஓட்டத்துக்கு 500 மி.மீ. விட்டமுள்ள மணல் ஃபில்டர் சரியாக அமையும். மெயின் டிரெயின் இரண்டு, குறைந்தது 90 செ.மீ. இடைவெளியில், ஒரே குழாயில் சேரும்படி. ஒற்றை டிரெயினில் முடியோ உடம்போ ஒட்டிக்கொண்டால் பம்ப் இழுக்கும் விசையில் பெரியவராலும் விடுவிக்க முடியாது. ஸ்கிம்மர் காற்று தள்ளும் பக்கம் இருக்கட்டும். எல்லாக் குழாயையும் 2 பார் அழுத்தம் ஏற்றி அடைத்துவிட்டு, அழுத்தமானி மாட்டியபடியே கான்கிரீட் போடுங்கள்; முள் இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்தலாம்.

இனி பயன்பாடு. பெரும்பாலும் வரும் புகார் 'தண்ணீர் குறைகிறது' என்பதுதான். முதலில் வாளிச் சோதனை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படிக்கட்டில் பாதி மூழ்கும்படி வைத்து, உள் மட்டத்தையும் வெளி மட்டத்தையும் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில்தான் குடித்திருக்கிறது. வெளியே 5 மி.மீ. கூடுதலாக இறங்கியிருந்தால் ஒரு நாளைக்கு 160 லிட்டர் போகிறது. சுவரை உடைக்கும் முன் பேக்வாஷ் (ஃபில்டர் மணலை எதிர்த்திசைத் தண்ணீரால் கழுவுவது) கழிவுக் குழாயின் முனையைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது அங்கே சொட்டிக்கொண்டிருந்தால் ஃபில்டரில் தண்ணீரின் திசையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழிந்திருக்கிறது. பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்பியதன் பலன் அது. அங்கே காய்ந்திருந்தால் பம்பை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்றதும் ஸ்கிம்மர் வாய் ஓரத்தில் ஒரு துளி உணவு நிறம் விடுங்கள். விரிசல் இருந்தால் அந்த நிறம் நூல் மாதிரி நீண்டு உள்ளே போகும்.

ரிட்டர்ன் வாயில் காற்றுக் குமிழி வந்தால் பம்ப் மூடியின் ஓ-ரிங்கைப் பாருங்கள். சிலிகான் கிரீஸ் மட்டும் தடவ வேண்டும், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போயிற்று, தள்ளிப்போட்டால் பேரிங்கும் போகும். ஃபில்டர் அழுத்தம் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட அரை பார் ஏறினால் பேக்வாஷ். அதற்கு முன்பே தினம் தினம் செய்வது வீண். லேசாக அழுக்கேறிய மணல்தான் நன்றாக வடிகட்டும்.

மருந்தில் பெரும்பாலோர் சறுக்குவது குளோரின் மாத்திரையில். குளோரின் 1-3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பிஎச் 7.2-7.8, காரத்தன்மை 80-120 பிபிஎம் என்பது வழக்கமான அளவு. வெயிலில் பாதுகாப்பு இல்லாத குளோரின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், அதனால் வெயிலிலிருந்து அதைக் காக்கும் சயனூரிக் அமிலம் 30-50 பிபிஎம் வேண்டும். ட்ரைகுளோர் மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது இந்த அமிலத்தையும் 6 பிபிஎம் ஏற்றிவிடும். தினம் 2 பிபிஎம் செலவானால் இரண்டு மாதத்தில் 70-ஐத் தாண்டும். அதன் பிறகு அந்த அமிலம் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும்; பரிசோதனைக் கருவி குளோரின் இருக்கிறது என்று காட்டும், சுவரிலோ பாசி வழுக்கும். அந்த அமிலத்தைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர நடைமுறையில் வழியில்லை. தண்ணீரை வெளியேற்றப் போனால் மேலே சொன்ன 37 டன் கணக்கு காத்திருக்கிறது. வறண்ட காலத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்காமல், தவணையாக மாற்றுங்கள். அமில அளவு ஒரு முறை சரியானதும் திரவக் குளோரினுக்கு மாறிவிடுவது மேல்: 10 சதவீதத் திரவம் 430 மி.லி. இந்தக் குளத்தில் 1 பிபிஎம் ஏற்றும். மாலையில் ஊற்றுங்கள். மாத்திரையையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளையும் ஒரே கரண்டியால்கூட எடுக்காதீர்கள், இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும். பிஎச் குறைக்க ஊற்றும் அமிலம் குளோரினோடு பட்டால் விஷ வாயு.

சுற்றிலும் 1.2 மீட்டர் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு. இதில் விவாதமே வேண்டாம்.

டைல்ஸில் முதலில் பழுதாவது நீர்மட்டக் கோடு. அங்கே எபாக்ஸி கிரவுட் போட்டிருந்தால் பல வருடம் தாங்கும். சாதாரண கிரவுட் அமிலம் பட்டு அரித்துப் போகும். வருடம் ஒரு முறை மட்டத்தை ஒரு சாண் இறக்கி, அந்த வரிசையை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று வெற்றொலி வருகிற டைல்களை அப்போதே எடுத்து ஒட்டிவிட்டால் அரை நாள் வேலை. கோப்பிங்குக்கும் (குளத்தின் விளிம்புக் கல்) நடைதளத்துக்கும் நடுவே உள்ள சீலண்ட் வெடித்திருந்தால் அதையும் அன்றே வெட்டி எடுத்துப் புதிதாக அடையுங்கள். டைல்ஸ் கழன்றதற்குக் காரணம் பல நேரம் அந்த இடுக்கு வழியாகப் பின்பக்கம் இறங்கிய மழைத் தண்ணீர்தான்.