முகாமா, ஆச்சி வீடா? பதினொரு மணிக்கு மேல் என்ன என்று பாருங்கள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. சென்னையில் இருக்கிறோம், நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். கோடை விடுமுறையை மூன்று விதமாகக் கழித்துப் பார்த்துவிட்டோம்: ஒரு வருடம் வீட்டிலேயே, ஒரு வருடம் நான்கு வாரக் கோடை முகாம், போன வருடம் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீடு. இந்த வருடமும் ஆச்சி வீடுதான் என்று முடிவு செய்துவிட்டோம். ஏன் என்று சொல்கிறேன்.

வீட்டில் வைத்துக்கொண்ட வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபிரிட்ஜில் அட்டவணை ஒட்டினேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் எனக்கு ஆபீஸ் கால் வந்தது, பிள்ளைகள் கைக்கு செல்போன் போனது.

முகாமைக் குறை சொல்ல மாட்டேன். நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள், ஓவியம், கொஞ்சம் செஸ். நீச்சலுக்கு மட்டும் முகாமுக்குத்தான் என் ஓட்டு. ஆழம் தெரிந்த குளம், பக்கத்திலேயே பயிற்சியாளர் என்று ஆற்றில் கிடைக்காத பாதுகாப்பு அங்கே உண்டு. செலவைப் பார்த்தால் இரண்டு பேருக்கான கட்டணமும் தினசரி ஆட்டோவும் சேர்ந்து, ஊருக்குப் போய்வந்த செலவைவிட நன்றாகவே கூடுதல். ஆனால் என் முடிவுக்குக் காரணம் பணமும் இல்லை.

அந்த முகாம் காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கினால் மாதக் கடைசி வரை வெயில் நெருப்புதான். அந்த உச்சி வெயிலில் பிள்ளைகளைக் கூட்டி வந்து, சோறு போட்டு, மறுபடி வேலையில் உட்கார வேண்டும். அப்புறம் வெயில் தாழும் வரை நான்கு மணி நேரம் அவர்கள் என்ன செய்வார்கள்? செல்போன்தான். மத்தியானம் நேரங்கெட்டுத் தூங்கினால் ராத்திரி பதினொன்றரை வரை கொட்டக்கொட்ட விழித்திருப்பார்கள். மறுநாள் காலை முகாமுக்கு எழுப்புவதே சண்டை. பள்ளி திறந்து முதல் இரண்டு வாரம் அந்தத் தூக்கக் குழப்பத்தைச் சரிசெய்யவே போய்விட்டது. இங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று விசாரித்த நான், பதினொன்றிலிருந்து நான்கு வரை பிள்ளை யார் பக்கத்தில் இருக்கும் என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

ஆச்சி வீட்டில் அந்த ஐந்து மணி நேரம் தானாகவே நிரம்பிவிடுகிறது. காலை ஆறு மணிக்கெல்லாம் என் அண்ணனோடும் மதினியோடும் தாமிரபரணிக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். படித்துறையை விட்டு நகரக்கூடாது, தண்ணீர் இடுப்புக்கு மேல் போகக்கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கூடவே நிற்க வேண்டும். நீச்சல் தெரிந்த பெரியவனுக்கும் இதே சட்டம்தான். வந்ததும் இட்லி. பத்தரைக்கு மேல் ஆச்சி யாரையும் வெளியே விட மாட்டார். "வெயில் தாழட்டும்ல, எங்க ஓடிரப் போகுது தெரு" என்பார்.

போன வருடம் கூழ் வத்தல் போட்டோம். முதல் நாள் இரவே பச்சரிசி மாவு தயார். விடிவதற்கு முன் ஜவ்வரிசி, பச்சை மிளகாய், பெருங்காயம் சேர்த்துக் கூழ் கிண்டியாகிவிட்டது. உப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவார் ஆச்சி, காய்ந்தால் உப்பு தூக்கிவிடும். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தான் பெரியவன். சின்னவளுக்குக் காக்கா விரட்டும் வேலை, கையில் ஒரு வேப்பங்குச்சி. காக்கா தின்றதைவிட, பாதி காய்ந்ததைப் பிய்த்து அவள் தின்றதுதான் அதிகம். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தெடுக்க உட்கார்ந்தார்கள். அவசரப்பட்டால் உடைந்துவிடும். அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்காராத பிள்ளை, ஒரு வேட்டி முழுவதையும் உரித்து முடித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், பாய் விரித்துவிடுவார்கள். ஆச்சி முருங்கைக்கீரை ஆய்வார், இல்லையென்றால் புளி கொட்டை எடுப்பார். பக்கத்திலேயே பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி, தாயம். பதினாலு குழியில் புளியமுத்து போட்டு ஆடிய சின்னவள், நான்கே நாளில் விரல் மடக்காமல் கூட்டக் கற்றுக்கொண்டாள். செல்போனை நாங்கள் தடை செய்யவில்லை. சாயங்காலம் எங்களோடு வீடியோவில் பேசிவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தோம். பல நாள் அதைக்கூடக் கேட்கவில்லை. அவசரமில்லாத வேலையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அந்த வீட்டின் பலம். சென்னையில் எங்களால் அதைத்தான் கொடுக்க முடியவில்லை.

ஒன்பது மணிக்குத் தூக்கம், ஐந்தரைக்கு விழிப்பு. ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் நான் எழுப்பவே இல்லை, தானே எழுந்தார்கள்.

சிரமம் இல்லாமல் இல்லை. ஆச்சிக்கு அறுபத்தெட்டு வயது. மூன்றாவது வாரம் குரலில் அலுப்பு தெரிந்தது. அதனால் இந்த முறை இரண்டரை வாரம்தான். பாத்திரம் தேய்க்க ஆள் வைத்து அந்தச் சம்பளத்தை நாங்கள் கொடுக்கிறோம், முதல் நான்கு நாள் நானும் கூட இருப்பேன். என் அனுபவம் பத்து வயதோடு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு நண்பர்களை விட்டு வருவது வேறு கணக்காக இருக்கலாம். அண்ணனும் மதினியும் அங்கே இல்லையென்றால் நானே இந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டேன்.

போவதற்கு ஊர் இல்லாதவர்களுக்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் கணக்கு. சென்னையில் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு குளுகுளுவென்று இருக்கிறது. வீட்டில் யாராவது ஒருவர் வாரத்தில் இரண்டு மத்தியானம் கூடப் போய் உட்கார முடிந்தால் முகாமோடு சேர்த்து அதையும் வைத்துக்கொள்ளலாம். எழும்பூர் அருங்காட்சியகம் இன்னொரு இடம், வெள்ளிக்கிழமை விடுமுறை.

நாங்கள் இந்த முறை ஏப்ரலில் நீச்சல் வகுப்பு, மேயில் ஊர் என்று பிரித்துக்கொண்டோம். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது, முன்பு இருந்த 120 நாள் இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸுக்கு முதல் நாள் காலையிலேயே உட்கார்ந்து எடுத்துவிட்டேன். திருநெல்வேலியில் இறங்கிச் செங்கோட்டை பாசஞ்சர் பிடித்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். டிக்கெட் எடுத்ததைச் சொல்ல ஆச்சிக்கு போன் போட்டேன். வத்தலுக்கு அரிசி வாங்கி வைத்தாயிற்றாம், பிள்ளைகள் வந்த பிறகுதான் மாவு அரைப்பாராம்.